பங்கரை மறைத்தவள்

சீப்பி நாலாவில் ஒரு பங்கர் காணாமல் போய் இன்றோடு நான்கு நாள். காணாமல் போயிற்று என்றால் யாரும் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. எண்பது வருஷத்துக்கு முன்னால் சண்டைக்காலத்தில் ஜப்பான்காரன் கட்டிவைத்த இடத்திலேயே, நாலா ஓடை கடலில் விழுகிற முனையில், அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் போய்க் கையை வைத்தால் சிமெண்டு தட்டுப்படும். கடலில் அரை மைல் தள்ளிப் படகில் நின்று பார்த்தால்தான் இல்லை. தாழம்புதர் தெரியும், பாறை தெரியும், சரிவில் காடு தெரியும், காட்டுக்கு மேலே ஒற்றைக் குர்ஜன் மரம் தெரியும். பங்கர் மட்டும் இல்லை.

இதைச் செய்தவள் சோனியா. அருள்நாதனின் மகள். சென்னையில் ஐந்து வருஷம் ஓவியம் படித்துவிட்டுத் தீவுக்கே திரும்பி வந்து, புரோத்ராபூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருக்கிறவள். முப்பத்து நாலு வயது. மெயின்லேண்டில் இரண்டு மூன்று கண்காட்சிகளில் அவள் படங்கள் தொங்கியிருக்கின்றன. சீப்பி நாலாவின் இருபத்திரண்டு வீட்டுக்காரர்களுக்கும் அவளைப் பற்றிப் பெருமை உண்டு, ஆனால் என்ன செய்கிறாள் என்று கேட்டால் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. ஒன்றிரண்டு வங்காளி வீடு தவிர எல்லாரும் குளச்சல் கடற்கரையிலிருந்து தகப்பன் காலத்தில் கப்பலேறி வந்தவர்கள். வீட்டுக்குள் அந்த ஊர்த் தமிழ், வெளியே வங்காளியோடும் தெலுங்கனோடும் தீவு ஹிந்தி, கோவிலில் பாதிப் பாதி.

அவள் மனசில் இந்தப் பங்கர் புகுந்தது பள்ளிக்கூடத்துச் சமையலறையில். அங்கே சோறாக்குகிற சந்திரமதி தீவிலேயே நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பத்துக்காரி. ஒரு மத்தியானம் பருப்பைக் கடைந்துகொண்டே ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாள்.

“எங்க தாதா, அப்பாவோட அப்பா, அந்த பங்கருக்கு மண் சுமந்தவருதான் டீச்சர். கட்டி முடிச்சு, மேல புல்லு, கொடியெல்லாம் போட்டு மறைச்சிட்டு, தாதாவ படகுல ஏத்தி கடலுக்குக் கொண்டுபோவானுங்களாம். ‘தெரியுதா?’ன்னு கேப்பானுங்களாம். தெரியுதுன்னா அவ்ளோதான், முடிஞ்சுது. திரும்பி வந்து இன்னும் மண், இன்னும் கொடி. மூணாவது நாளு பசி தாங்கல. ‘தெரியல சாப்’ன்னுட்டாரு.”

“நெஜமாவே தெரியலியா?”

“அரே, நல்லா தெரிஞ்சுதாம்! வீட்டுக்குப் போணும்ல?” சந்திரமதி சிரித்துவிட்டுப் பருப்பில் உப்புப் போட்டாள்.

சோனியா சண்டை பற்றி எவ்வளவோ படித்திருக்கிறாள், பார்த்திருக்கிறாள். படகில் நின்றுகொண்டு, தெரிகிறதைத் தெரியவில்லை என்று சொன்ன அந்த மனுஷனை மட்டும் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அதிலிருந்து பொழுது கிடைத்தபோதெல்லாம் பங்கருக்குள் போய் உட்கார ஆரம்பித்தாள். உள்ளே வௌவால் நாற்றம், ஈரம். சுவரில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு நீளமான பிளவு. அதன் வழியே ஒரு கீற்றுக் கடல். வானம் கிடையாது, கரை கிடையாது, வெறும் கடல் மட்டும். ஏற்றத் தண்ணீரில் வெயில் பட்டால் அந்த வெளிச்சம் உள்ளே வந்து கூரையில் மெல்ல மெல்ல அலையும். இங்கே ஒரு ஜப்பான் பையன் மூன்று வருஷம் உட்கார்ந்து இந்தக் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்திருப்பான், வராத கப்பலுக்காக. பார்த்துப் பார்த்து அவனுக்குக் கடல் அசையாமல் நின்று பங்கர்தான் மிதந்துபோகிற மாதிரி ஆகியிருக்கும். அவளுக்கே பத்து நிமிஷத்தில் அப்படித்தான் ஆயிற்று. சண்டை என்பது பெரும்பாலும் காத்துக் கிடப்பதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்துக் கிடப்பாள்.

அங்கேதான் அந்த யோசனை வந்தது. பங்கரின் கடல் பார்த்த சுவரில், அந்தச் சுவர் எதையெல்லாம் மறைத்துக்கொண்டு நிற்கிறதோ அதையே வரைந்துவிடுவது. பின்னால் இருக்கிற புதர், பாறை, நிழல், எல்லாம் இருக்கிறபடி. கடலிலிருந்து பார்க்கிறவனுக்குப் பங்கர் கரைந்துபோக வேண்டும். எங்கே, எங்கே என்று அவன் தேட வேண்டும். கொச்சியில் கண்காட்சி நடத்துகிற சிலர், அவள் சொன்னவுடன் சம்மதித்தார்கள். வருகிற வியாழக்கிழமை அவர்களே நேரில் வந்து படகிலிருந்து பார்த்துப் படமெடுத்துப்போவதாக ஏற்பாடு.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பங்கர் வெள்ளையாக இருந்தது. அருள்நாதன் ஆறு வருஷமாக அந்தோனியார் திருநாளுக்கு முன்னால் ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு தடவை, தன் கையால் அதற்குச் சுண்ணாம்பு அடிப்பார். என்ன நேர்ச்சையோ, கேட்டால் சொல்லமாட்டார். நேர்ச்சையைக் கேட்கவும் கூடாது. சோனியா முழங்காலிட்டு, ‘அந்தோனியாரே, ஜூன் பதிமூணு திருநாளுக்குள்ள நானே திரும்ப வெள்ளையடிச்சுத் தந்திருதேன்’ என்று புனிதரிடம் தவணை வாங்கிக்கொண்டாள். அப்பாவிடம் கேட்கவில்லை. அவரும் அம்மா ராசம்மாவும் அத்தை மகள் கல்யாணத்துக்காகக் குளச்சலுக்குப் போய் இரண்டு மாதமாகியிருந்தது.

அந்த இரண்டு மாதமும் வீட்டில் ஒரே கூத்து. அண்ணன் கிளமெண்ட் விடிந்தும் விடியாமல் அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு அரை மைல் போய் நிறுத்துவான். கரையில் அவன் பெண்டாட்டி கிரேசி ஒரு நீண்ட கம்பில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு சுவர் அருகே நிற்பாள். சோனியா கையை ஆட்டுவாள். கிரேசி துணி தொட்ட இடத்தில் கரியால் கோடு போடுவாள். திரும்பி வந்து அந்த இடத்தின் பச்சையைக் கொஞ்சம் சாம்பலாக்க வேண்டும், இந்த இடத்தின் நிழலை ஒரு சாண் நீட்ட வேண்டும். மறுநாள் மறுபடியும் படகு.

“இருக்கிறத மறைக்க ரெண்டு மாசமாட்டி?” என்பாள் கிரேசி. “ஒங்க அண்ணன் குப்பிய ஒரு நிமிசத்துல மறைப்பாரு. அவருட்ட படிச்சிருக்கலாம்ல?”

“ஆனா நீங்க கண்டுபிடிச்சிருவியளே மைனி.”

“அது மணத்த வச்சில்லா கண்டுபிடிக்கேன்.”

நான்கு நாளைக்கு முன்னால் ஒரு காலையில் கிளமெண்ட் படகை நிறுத்திவிட்டு, கண்ணைச் சுருக்கி, இடமும் வலமும் பார்த்தான். “ஏ பிள்ள, எங்கட்டி அது?” என்றான். நிஜமாகவே கேட்டான். சோனியா படகின் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு வங்காளி பிஸ்வாஸ் தாதாவையும் ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அவர் “கமால் ஹை, கமால் ஹை” என்று வியந்துகொண்டே இருந்தார்.

அருள்நாதன் கப்பலில் தனியாக வந்து இறங்கியது நேற்றுச் சாயங்காலம். ராசம்மா இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவாளாம். அப்பாவுக்கு யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்று சோனியா எல்லார் வாயையும் அடைத்திருந்தாள். அவர் கடலிலிருந்து பார்த்துத் தானே கண்டுபிடிக்க வேண்டும். நாற்பது வருஷமாக இந்தக் கரையைக் கடலிலிருந்து பார்க்கிற கண் அது. கொச்சிக்காரர்கள் பார்ப்பதெல்லாம் அப்புறம். அவளுக்கு அந்தக் கண் ஒருதடவை ஏமாற வேண்டும். சின்ன வயசிலிருந்து அவள் எதை வரைந்து நீட்டினாலும் வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிற மனுஷன் அவர்.

மரச்சீனிக் கிழங்கும் சூரை மீன் குழம்பும் வைத்துக் கிரேசி பரிமாறினாள். அருள்நாதன் நிதானமாகத் தட்டைத் தடவி, முள்ளை விரலால் தேடித் தேடி எடுத்துச் சாப்பிட்டார். பயணக் களைப்பு என்று நினைத்தார்கள்.

“எப்பா, நாளைக்குக் கடலுக்குப் போவியளா?” என்றாள் சோனியா.

“போகாம பின்ன? கப்பல்ல கெடந்து கெடந்து ஒடம்பு ஊறிப்போச்சு.”

“அப்ப திரும்பி வரும்போது கரைய நல்லா பாருங்க.”

“கரையில என்னட்டி இருக்கு புதுசா?”

“பாருங்களேன்.”

கிரேசி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

காலையில் சோனியா எழுந்தபோது அருள்நாதனின் டுங்கி போயிருந்தது. பழைய மரப்படகு, சின்ன இஞ்சின், தூண்டில்தான். ஐந்து மணிக்குக் கடலில் நல்ல ஏற்றம். ஏற்றத்தில் போகிறவனுக்குப் பயமில்லை, கரைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் கிடக்கிற பாருக்கு மேலேயே படகு மிதந்துபோய்விடும். கிளமெண்ட் பெரிய படகில் மீனை ஏற்றிக்கொண்டு ஜங்லிகாட் ஜெட்டிக்குப் போயிருந்தான். பள்ளிக்கூடம் லீவு. சோனியா ஒரு தம்ளர் தேயிலைத் தண்ணீரோடு முனைக்குப் போய், பங்கர் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாள். கடல் அன்றைக்குக் கண்ணாடி. தூரத்துக் கப்பல் ஒன்று தண்ணீரைத் தொடாமல் வானத்தில் தொங்குகிற மாதிரி இருந்தது. அப்பா வருவார், பாருக்கு வெளியே இஞ்சினைக் குறைப்பார், தலையைச் சொறிவார், பிறகு அந்தப் பெரிய சிரிப்பைச் சிரிப்பார். அவள் அதையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்து, பாதித் தூக்கத்தில் தன்னால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதரைக்கு அம்மா போன் செய்தாள்.

“அப்பா எங்கட்டி?”

“கடலுக்குப் போயாச்சு.”

“அட பாவி மக்களே, விட்டிட்டியளா!” ராசம்மாவின் குரல் உடைந்தது. “அவருக்குக் கண்ணு போயிட்டு இருக்குட்டி. இங்க ஆசுபத்திரியில காட்டினோம். உள்நரம்பு வாடிப்போச்சாம். போனது போனதுதானாம். ஒங்ககிட்ட சொல்லப்பிடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுல்லா கப்பலேறினாரு. ராத்திரி முழுக்க ஒறக்கம் வரல. சத்தியம் போனா போட்டும்னு விளிச்சேன்.”

“எப்ப இருந்தும்மா?”

“ஆறு வருசமாச்சு. வெள்ளையும் கறுப்பும் தெரியும். மத்ததெல்லாம் பொகை.”

“ஆறு வருசமாவா…”

“பங்கருக்கு வெள்ளையடிச்சது நேர்ச்சைன்னா நெனச்சிய? அந்த வெள்ளைய வச்சில்லா கரைக்கு வாறாரு. அது அவரு கண்ணுட்டி.”

சோனியா போனைக் காதிலிருந்து எடுத்தாள். தேயிலைத் தம்ளர் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கடல்காரன் வீட்டில் பிறந்தவளுக்கு மீதியை யாரும் சொல்ல வேண்டியதில்லை. சீப்பி நாலாவுக்கு முன்னால் பார் நீளமாகக் கிடக்கிறது, பல் பல்லாகப் பவளப்பாறை. வத்தத்தில், தண்ணீர் வடிந்து இறங்குகிற நேரத்தில், படகு உள்ளே வர ஒரே ஒரு வழிதான், இரண்டு டுங்கி அகலம். அதைப் பிடிக்கக் கணியம் பார்க்க வேண்டும். மலைமேல் குர்ஜன் மரம், அதற்கு நேர் கீழே பங்கர். இரண்டும் ஒரே கோட்டில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நேரே வரலாம். கோடு தப்பினால் படகின் அடி கிழியும். கிளமெண்டுக்குப் போனில் மேப் இருக்கிறது. அருள்நாதனுக்குக் கறுத்த மரமும் வெள்ளைச் சுவரும்தான் மேப். அதில் பாதியை மகள் அழித்துவிட்டாள், தெரியாமல், நேர்ச்சை என்று நினைத்து, புனிதரிடம் தவணை வேறு வாங்கி.

பத்து மணிக்கு டுங்கி கண்ணில் பட்டது. பாருக்கு வெளியே வடக்கே கொஞ்சம் போயிற்று. நின்றது. தெற்கே வந்தது. மறுபடி நின்றது. அந்த நேரம் பார்த்து வத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

“தாதா! பிஸ்வாஸ் தாதா!” என்று கத்திக்கொண்டு ஓடினாள். “ஒங்க படக எடுங்க! அப்பாவுக்கு வழி தெரியல!”

பிஸ்வாஸ் தாதா வலைக்கு முன்னாலிருந்து எழுந்து வந்து தன் படகைக் காட்டினார். அது நாலாச் சேற்றில் ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. “எப்படி எடுக்குறது பேட்டி? பானியே இல்ல. சாயங்காலம் ஏத்தம் வந்தாத்தான்.” பிறகு மலைக்குப் பின்னால் பார்த்தார். “மௌசம் கராப் ஆகுது பாரு. கச்சான் வரும். கரைக்காத்து. டுங்கிய வெளிய தள்ளிரும்.”

மலைக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சாயங்காலம் வரை வெளியே நிற்கிற அளவுக்கு அப்பாவின் டுங்கியில் எண்ணெய் இருக்காது. இஞ்சின் நின்றுவிட்டால் கச்சான் அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போகும். கிழக்கே ஒன்றும் இல்லை.

கிளமெண்டுக்குப் போன் போட்டார்கள், ஜெட்டி இரைச்சலில் அவன் எடுக்கவில்லை. அப்பாவுக்குப் போட்டார்கள். பாருக்கு வெளியே டவர் கிடைக்காது என்று தெரிந்தும் போட்டார்கள். கிரேசி வீட்டிலிருந்த வெள்ளைத் துணி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு பெட்ஷீட், நாலு வேட்டி, கல்யாணத்துக்கு உடுத்திய அவளுடைய வெள்ளைச் சேலை. மூன்றுபேரும் பங்கர்ச் சுவரில் கட்டித் தொங்கவிட்டார்கள். கட்டி முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது. துணி எல்லாம் சுருண்டு, மேலே பறந்து, ஒரு வேட்டி கிழிந்து கடலுக்கே போயிற்று. சுவரில் மறுபடியும் புதரும் பாறையும். அவ்வளவு அழகாக இருந்தது பாழாய்ப்போன சுவர்!

“சுண்ணாம்பு கெடக்குட்டி டிரம்முல, எடுத்துட்டு வரட்டா?” என்றாள் கிரேசி.

“சுண்ணாம்பு காஞ்சாத்தான் வெளுக்கும் மைனி. காய எங்க நேரம்?”

சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றாள். அந்த ஒரு கணத்தில் கொச்சிக்காரர்கள் வருகிற வியாழக்கிழமை அவள் தலைக்குள் வந்துபோனது. அதற்காக அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. பிறகு பங்கருக்குள் ஓடினாள். உள்ளே பெரிய டின் இரண்டு, வெள்ளை பெயிண்ட், நிறம் கலக்க வாங்கி வைத்தது. மூடியை உளியால் நெம்பினாள். ரோலரைத் தேடப் பொறுமையில்லை. கோப்பையால் மொண்டு சுவரில் வீசினாள்.

முதல் வீச்சு தாழைமேல் விழுந்தது. பதினொரு நாள் வரைந்த தாழை.

“நீங்களும் வீசுங்க மைனி! பாத்துட்டு நிக்காதீங்க!”

கிரேசி அழுதுகொண்டே வீசினாள். பிஸ்வாஸ் தாதா தென்னமட்டையை நசுக்கிக் கொண்டுவந்து, வழிகிறதையெல்லாம் இழுத்து இழுத்துப் பூசினார். சோனியா கையாலேயே தேய்த்தாள். பாறை போயிற்று. நிழல் போயிற்று. கிளமெண்டையே ஏமாற்றிய அந்த மூலை போயிற்று. தலைமயிர், கன்னம், பாவாடை எல்லாம் வெள்ளை. சுவர் முழுக்க வெள்ளையானதும் அதன் ஓரத்தில் நின்று, மூச்சு வாங்க, கடலைப் பார்த்தார்கள்.

டுங்கி தெற்கே தொலைவில், இஞ்சின் சத்தம் இல்லாமல், காற்றில் மெல்ல விலகிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் உட்கார்ந்திருந்தார். எதையோ பார்க்கிற மாதிரியும் இருந்தது, எதையும் பார்க்காத மாதிரியும் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றார்கள் என்று பிறகு மூன்றுபேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். கிரேசி ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை முழுதும் சொல்லி முடித்ததாகச் சத்தியம் செய்கிறாள்.

டுங்கியில் ஆள் எழுந்து நின்றார். நெற்றிமேல் கையை வைத்தார். இஞ்சின் இருமியது. டுங்கி வடக்கே வந்து, மரத்துக்கும் சுவருக்கும் நேராக ஒருதடவை ஆடி நின்று, பிறகு வாய்க்காலில் விட்ட காகிதக்கப்பல் போலக் கோணாமல் நேரே உள்ளே வந்தது.

சோனியா முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்தாள். அருள்நாதன் அவள் கையைப் பிடித்து இறங்கினார்.

“என்னட்டி கை ஒட்டுது?”

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவர் அவள் தோளைப் பற்றி, கிரேசிக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“ஒண்ணு சொல்லுதேன், அண்ணனுட்ட சொல்லாத. எனக்குக் கொஞ்ச காலமா கண்ணு சரியில்ல. இன்னைக்கு சுத்தமா போயிட்டு மக்களே. மரம் நிக்கி, கீழ வெள்ளைய காணல. கண்ண கசக்குதேன், தண்ணிய அள்ளிக் கழுவுதேன், காணல. சரி, தீந்துது, இனி ஒங்க யாரு மொகத்தையும் பாக்க மாட்டேன்னு இஞ்சின அணைச்சுப்போட்டுட்டு இருந்து அழுதேன் கேட்டியா. பெறவு பாத்தா, கொஞ்சம் கொஞ்சமா வெளுத்து வருது! அந்தோனியாரு திருப்பித் தந்துட்டாரு.”

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவள் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்தால் அவர் நாளைக்கும் போவார், புதுக்கண் கிடைத்த தைரியத்தில் இன்னும் தூரம் போவார்.

“அந்தோனியாரு இல்லப்பா,” என்றாள். “ஒங்க கண்ணு போகவும் இல்ல, வரவும் இல்ல. அம்மா எல்லாம் சொல்லிட்டா. பங்கர மறைச்சது நான்தான். அது மேல காட்ட வரைஞ்சு வச்சிருந்தேன், கடல்லயிருந்து பாத்தா தெரியாதபடிக்கு. இப்பதான் வெள்ளைய ஊத்தினோம். நான் ஒங்கள கொல்லப் பாத்தேன்பா.”

சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதாள். அருள்நாதன் பங்கர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினார். கிரேசி பயந்துபோய்ப் பிஸ்வாஸ் தாதாவின் பின்னால் ஒதுங்கினாள்.

“கிளமெண்டு பாத்தானா?” என்றார் அவர்.

“பாத்தான்.”

“அவனுக்குத் தெரிஞ்சுதா?”

“தெரியல.”

“தாதாவுக்கு?”

“குச் நஹி, ஒண்ணும் தெரியல அருள் பாய்,” என்றார் பிஸ்வாஸ் தாதா.

“அட சவமே!” என்றார் அருள்நாதன். “கண்ணுள்ளவனுக்கே தெரியலியா? நான் என்னைய மட்டும்லா குருடன்னு நெனச்சு அழுதேன்!” சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. இருமலோடு கலந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். பிறகு சட்டென்று அடங்கி, டுங்கியின் விளிம்பைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். “சரி. நாளையிலயிருந்து கிளமெண்டு சுக்கான் பிடிக்கட்டும். நான் தூண்டில போடுதேன். அதுக்குக் கண்ணு வேண்டாம்.”

“எப்பா…”

“அழாத. எனக்குக் காட்டணும்னுதான வரைஞ்ச? ஒரு மணிக்கூறா அதத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன். இது வரைக்கும் நீ தந்த படத்துல எதையும் நான் அவ்வளவு நேரம் பாத்ததில்ல.”

மழையின் முதல் துளி விழுந்தது. அவர் நகரவில்லை. ஈர மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினார்.

“எங்க என்ன இருந்துதுன்னு மட்டும் தெரியல. இரு. ஒண்ணொண்ணா சொல்லு.”

சோனியா வெள்ளைக் கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மழை வலுத்தது. இடது ஓரத்துத் தாழையிலிருந்து ஆரம்பித்தாள்.